இத்தாலி மக்களும் அவர்தம் வாழ்க்கை வழக்கங்களும்

இன்று நாம் இத்தாலி நாட்டு மக்களைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

"இத்தாலி எங்கோ இருக்கிறது, பால் மரக் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் உழைத்த நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு?" என்று சிலர் கேட்கலாம். தொடர்பு உண்டு. நம் பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் படிக்கும் பரமார்த்த குரு கதையை எழுதிய வீரமாமுனிவர் ஓர் இத்தாலியர். 1680-ஆம் ஆண்டு வட இத்தாலியில் காஸ்திகிலியோனே என்னும் ஊரில் பிறந்தவர். கிறிஸ்துவ சமயப் பணிக்காகத் தமிழகம் வந்து, தமிழைக் கற்று, தேம்பாவணி என்னும் காவியமும் சதுரகராதியும் இயற்றினார். குறில் நெடில் குழப்பமின்றி நாம் 'எ', 'ஏ' எழுதுவதற்கு அவர் செய்த எழுத்துச் சீர்திருத்தமும் ஒரு காரணம். 1966-இல் நம் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு நடந்தது. 1968-இல் சென்னையில் இரண்டாம் மாநாடு கூடியபோது மெரினா கடற்கரையில் தமிழ்ச் சான்றோர் பலருக்குச் சிலை எழுப்பினார்கள். அவர்களுள் வீரமாமுனிவரும் ஒருவர்.

அவருக்கும் முன்னே, 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில், வெனிஸ் நகர வணிகர் மார்க்கோ போலோ பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்தார். நம்மவர் வலக் கையால் மட்டுமே உண்பதையும், பாத்திரத்தில் உதடு படாமல் தூக்கி ஊற்றி நீர் அருந்துவதையும் வியந்து குறித்து வைத்தார். நம் வழக்கத்தை அவர்கள் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே கவனித்து எழுதிவிட்டார்கள். இன்று நாம் அவர்கள் வழக்கத்தைக் கவனிப்போம்.

இத்தாலி, கடலுக்குள் நீட்டிய ஒரு காலணியைப் போன்ற வடிவமுடைய நாடு. மக்கள் தொகை ஆறு கோடிக்குச் சற்றுக் குறைவு. பல சிற்றரசுகளாகப் பிரிந்து கிடந்த அந்நாடு 1861-இல்தான் ஒரே அரசாயிற்று. அதனால் ஊருக்கு ஊர் பேச்சும் சமையலும் வேறுபடும். வடக்கே வெண்ணெயும் அரிசியும் மிகுதி. தெற்கே ஒலிவ எண்ணெயும் தக்காளியும் மிகுதி. அந்தத் தக்காளியும் அவர்கள் மண்ணுக்குரியதன்று. நமக்கு மிளகாய் வந்தது போலவே, அமெரிக்கக் கண்டத்திலிருந்து 16-ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது.

சாப்பாட்டு முறையைப் பார்ப்போம். பிரிக்பீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால், சோறு, கறி, கூட்டு எல்லாம் ஒரே இலையில் வந்துவிடும். இத்தாலியர் வீட்டு விருந்தில் ஒன்று முடிந்த பிறகே மற்றொன்று வரும். முதலில் பாஸ்தா என்னும் கோதுமை மாவுப் பண்டம் அல்லது சோறு, பிறகு இறைச்சியோ மீனோ, காய்கறியுடன், கடைசியில் பழம். பாஸ்தாவைக் குழைய வேகவிட மாட்டார்கள். கடித்தால் பல்லுக்குச் சற்று உறுதியாகத் தெரிய வேண்டும். நீளப் பாஸ்தாவைக் கத்தியால் நறுக்குவதும் அவர்களுக்குப் பிடிக்காது. ஆனால் தட்டில் மிஞ்சிய குழம்பை ரொட்டியால் வழித்து உண்பார்கள். கோப்பியை நம்மைப் போல உட்கார்ந்து ஆறவிட்டுக் குடிப்பதைவிட, கடை மேசையருகே நின்றபடியே இரண்டு மடக்கில் குடித்துவிட்டுப் போவதே அங்கு வழக்கம். பால் கலந்த கோப்பி காலை வேளைக்கு மட்டுமே உரியது.

உறவு முறையில் அவர்களுக்கும் நமக்கும் நெருக்கம் அதிகம். மூத்த மகனுக்குத் தந்தையைப் பெற்ற தாத்தாவின் பெயரை இடுவது அவர்களின் பழைய வழக்கம். பெயரைத் தாங்குவதால் 'பெயரன்', அதுவே பேரன் என்று நாமும் சொல்கிறோம் அல்லவா? நாம் 'நீ', 'நீங்கள்' என்று வேறுபடுத்துவது போல அவர்களும் 'தூ', 'லேய்' என்று வேறுபடுத்துவார்கள். முன்பின் அறியாதவரையும் பெரியவரையும் 'தூ' என்று அழைப்பது மரியாதைக் குறைவு.

திருமணத்தில் சர்க்கரைப் பூச்சிட்ட வாதுமைப் பருப்பு ஐந்தைச் சிறு பையிலிட்டு விருந்தினருக்குக் கொடுப்பார்கள். உடல்நலம், செல்வம், மகிழ்ச்சி, மக்கட்பேறு, நீண்ட ஆயுள் என்று ஐந்துக்கும் பொருள் உண்டு. இரண்டாகப் பிரிக்க முடியாத எண்ணிக்கையில் இருக்க வேண்டும் என்பது கருத்து. நாம் மொய் எழுதும்போது நூற்றோடு ஒன்று சேர்ப்பதை நினைத்துக்கொள்ளலாம்.

தென் இத்தாலியில் கண் திருஷ்டி நம்பிக்கையும் உண்டு. ஒரு தட்டில் நீர் ஊற்றி, அதில் எண்ணெய்த் துளி விடுவார்கள். துளி சிதறிப் பரவினால் கண் பட்டுவிட்டது என்று பாட்டி மந்திரம் சொல்லிக் கழிப்பாள். இதில் அறிவியல் உண்மை இல்லை என்பதை நாம் அறிவோம். ஆயினும், நாம் மிளகாயும் உப்பும் சுற்றிப் போடுவதைக் கண்டு எவரேனும் ஏளனம் செய்தால், இந்த அச்சம் ஐரோப்பாவிலும் உண்டு என்று சொல்லலாம். போகி நாளில் பழையன கழிப்பது நம் வழக்கம். நேப்பிள்ஸ் நகரில் முன்பெல்லாம் புத்தாண்டு இரவில் பழைய தட்டுமுட்டுகளைச் சன்னல் வழியே தெருவில் எறிவார்கள்.

இனி, தோட்டத்தில் உழைத்த குடும்பங்களாகிய நாம் முக்கியமாக அறியவேண்டிய செய்திக்கு வருவோம். இன்று செல்வ நாடாக விளங்கும் இத்தாலி, நெடுங்காலம் ஏழை உழைப்பாளிகளின் நாடாக இருந்தது. வட இத்தாலியில் வெர்செல்லி, நொவாரா வட்டாரங்களில் நெல் வயல்கள் உண்டு. கோடை தொடங்கும்போது ஆயிரக்கணக்கான பெண்கள் வெளியூர்களிலிருந்து களை பறிக்க வருவார்கள். ஏறத்தாழ நாற்பது நாள் முழங்கால் நீரில் குனிந்து நின்று வேலை. இரவில் கொட்டகையில் படுக்கை, கொசுக்கடி. கூலியில் ஒரு பகுதி அரிசியாகவே கிடைக்கும். களைப்புத் தெரியாமலிருக்க நம் நடவுப் பெண்களைப் போலவே பாட்டுப் பாடுவார்கள். அந்தப் பெண்கள்தாம் 1906-இல் வெர்செல்லியில் வேலைநிறுத்தம் செய்து, எட்டு மணி நேர வேலை என்னும் உரிமையைப் பெற்றார்கள்.

வட இத்தாலிக் குடியானவர்கள் பலர் மக்காச்சோளக் கூழை மட்டுமே உண்டு வாழ்ந்தனர். அதனால் பெலாக்ரா என்னும் ஊட்டக்குறை நோய் பரவியது. வறுமை தாங்காமல் பலர் கப்பலேறினார்கள். அவர்களுள் பெருந்தொகையினர் பிரேசில் நாட்டின் சாவோ பாவுலோ மாநிலக் கோப்பித் தோட்டங்களுக்குச் சென்றார்கள். அங்கே 1888-இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டதால் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் தேவைப்பட்டது. கப்பல் கட்டணத்தை மாநில அரசே கொடுத்தது. போய்ச் சேர்ந்தவர்களை 1887-இல் திறந்த ஒரு பெரிய விடுதியில் தங்கவைத்து, அங்கிருந்து இரயிலில் தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். குடும்பத்துக்கு இத்தனை மரம் என்று கணக்கிட்டுக் கொடுப்பார்கள். தாய், தந்தை, பிள்ளைகள் எல்லாரும் பராமரிக்க வேண்டும். தோட்டக் கடையில் கடன் ஏறும்.

கேட்கும்போதே நம் தாத்தா பாட்டி சொன்ன கதை போல இல்லையா? அவர்கள் கங்காணி பின்னே கப்பலேறி, 1901-இல் திறந்த கிள்ளான் துறைமுகத்தில் இறங்கினார்கள். அதற்கு அப்போது போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர். தடுப்பு முகாமில் இருந்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய், ஆளுக்கொரு நிரை பிடித்தார்கள். பிரேசில் தோட்டங்களின் நிலைமை தெரிந்ததும் 1902-இல் இத்தாலிய அரசு இலவசப் பயண முறைக்குத் தடை விதித்தது. மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் ஒழிந்தது. 1938-இல் இந்திய அரசு கூலியாட்களை அனுப்புவதை நிறுத்தியது. வெள்ளைத்தோல் உடையவரும் கூலியாளாய்ப் போனதுண்டு. எனவே, தோட்ட வேலை செய்த பரம்பரை என்பதில் நாம் தலைகுனிய ஒன்றுமில்லை.

அவர்கள் மொழி என்னவாயிற்று? 1875 முதல் பிரேசிலின் தென்கோடி மாநிலத்தில் குடியேறிய இத்தாலியர் தங்கள் ஊர்ப் பேச்சை விடாமல் பேசினார்கள். 1930-களின் இறுதியில் பள்ளிகளில் அயல்மொழிகளுக்கு அரசு தடை விதித்தது. பள்ளியில் இடமில்லாமற் போன மொழியை அடுப்படியில் தாய்மார்கள் காப்பாற்றினார்கள். 2014-இல் பிரேசில் அரசே அதனைப் பண்பாட்டு மரபுச் செல்வமாக ஏற்றுக்கொண்டது. நமக்கு இங்கே தமிழ்ப் பள்ளி உண்டு. அதற்குப் பிள்ளையை அனுப்புவதும் வீட்டில் தமிழ் பேசுவதும் நம் கையில் இருக்கின்றன.

தாய்நாட்டில் தங்கிவிட்ட இத்தாலியரிலும் எழுதப் படிக்கத் தெரியாதவர் பலர் இருந்தனர். 1960 முதல் 1968 வரை ஆல்பெர்த்தோ மான்சி என்னும் ஆசிரியர் தொலைக்காட்சியில் தோன்றி, பெரிய தாளில் கரித்துண்டால் படம் வரைந்து, வளர்ந்தவர்களுக்கு எழுத்துக் கற்பித்தார். 'காலம் கடந்துவிடவில்லை' என்பதே அந்நிகழ்ச்சிப் பெயரின் பொருள். மாலையில் வேலை முடிந்து வந்தவர்கள் கூடியமர்ந்து கற்றார்கள்.

சாவோ பாவுலோ விடுதி இன்று குடியேறியோர் அருங்காட்சியகம். பேரப்பிள்ளைகள் அங்கே சென்று பழைய பதிவேடுகளில் பாட்டன் பெயரைத் தேடுகிறார்கள். கிள்ளான், பூச்சோங் வட்டாரங்களில் நம் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயத்தில் கூடி வாழ்ந்தோர் பல இடங்களுக்குப் பிரிந்துவிட்டார்கள். ஆகவே, வீட்டில் பெரியவர் இருக்கும்போதே, எந்த ஊரிலிருந்து வந்தோம், எந்தத் தோட்டத்தில் வேலை செய்தோம், யார் பெயரை யாருக்கு வைத்தோம் என்பதைப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்போம். ஒரு மாலைப் பொழுது போதும்.