மாடு ஏறிய பாதையில் சைக்கிள்

யாழ்ப்பாணத்தில் சைக்கிள் இல்லாத வீடு அபூர்வம். மட்டக்களப்பிலும் அப்படித்தான். கண்டிப் பக்கம் வந்தால் கதை வேறு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடந்து போவார்கள், தூரமென்றால் பஸ். கையில் நாலு காசு சேர்ந்தால் மோட்டார் சைக்கிள் அல்லது முச்சக்கரவண்டி. 2022இல் பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசை நின்ற காலத்தில் இலங்கை முழுக்கச் சைக்கிளுக்குக் கிராக்கி வந்தது. அப்போதுகூட, "இந்த ஏத்தத்துல சைக்கிளா? உருட்டிக்கிட்டுத்தான் போகணும்" என்று மலையகத்தில் சொன்னவர்கள் உண்டு.

பாதி உண்மை. கண்டியைச் சுற்றியுள்ள கிராமத்துக் குறுக்கு வழிகளில் உருட்டத்தான் வேண்டும். பழைய பெருந்தெருக்களில் அப்படியில்லை. பழகிய கால் என்றால், நிதானமாக மிதித்தே மலையேறிவிடலாம். ஏனென்றால் அவை மாட்டுவண்டி ஏறத்தக்கதாகப் போட்ட தெருக்கள்.

தெரு இல்லாததே கோட்டை

கண்டி அரசர்கள் அகலமான பாதைகளை விரும்பவில்லை. ஒற்றையடிப் பாதை, முள்வேலிக் கடவை, காடு, மகாவலி இவைதான் அவர்களது அரண். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இந்த மலையைக் கட்டியாள முடியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். 1815இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனது. பிடித்ததைத் தக்கவைக்க அவர்களுக்குத் தெரு தேவைப்பட்டது. தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பு–கண்டி வீதி வெட்டப்பட்டது. கடுகண்ணாவைக் கணவாயில் பாறையைக் குடைந்து வழி செய்தார்கள். அந்தக் குடைவு இன்றும் நிற்கிறது. வேலையை நடத்திய கப்டன் டோசன் 1829இல் இறந்தார். அவர் பெயரில் எழுப்பிய கோபுரம் கணவாயின் உச்சியில் இருக்கிறது. கல்லுடைத்தவர்களுக்குக் கோபுரம் இல்லை. முதலில் இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியத்தில் சிங்களக் கிராமத்தவர்கள், பிறகு தென்னிந்தியாவிலிருந்து சேர்க்கப்பட்ட பயனியர் படைத் தமிழர்கள்.

படைக்காகப் போட்ட தெருவில் கோப்பி இறங்கியது. பாரம் ஏற்றிய வண்டியை மாடு ஓரளவு சரிவில்தான் இழுக்கும். ஆகவே தெரு மலையை நேராக ஏறாமல் வளைந்து வளைந்து சுற்றியது. 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது, பிறகு லொறி வந்தது. சரிவு மட்டும் மாறவில்லை. மாட்டுக்கு ஒத்த சரிவு மனிதக் காலுக்கும் ஒக்கும். இதைத் தெரிந்துகொண்டால் கண்டியில் எந்தத் தெருவை எடுப்பது, எதை விடுவது என்பது விளங்கிவிடும்.

வயல் வழி: மூன்று கோயில்கள்

முதல் தடவை வருபவர்களுக்கு உடுநுவரப் பக்கம் நல்லது. பேராதனை தாண்டி, கொழும்பு வீதியில் பிலிமத்தலாவையில் இடப்பக்கம் திரும்பினால் இரைச்சல் அடங்கிவிடும். பித்தளை வேலைக் கடைகள், அதற்கப்பால் படிப்படியாக இறங்கும் நெல்வயல், வரம்போரம் கமுகு, வீட்டுத் தோட்டங்களில் மிளகுக்கொடியும் கராம்பும் கித்துளும். கடலாதெனிய, இலங்காதிலக, எம்பெக்கே மூன்றையும் பார்த்துவிட்டுத் தவுலகல வழியாகப் பேராதனைக்குத் திரும்பலாம். கண்டியிலிருந்து கண்டிக்கு ஏறத்தாழ 35 கிலோமீற்றர். ஏற்றங்கள் சின்னச் சின்னவை, ஆனால் அடிக்கடி வரும்.

கம்பளை அரசு காலத்தில், 1344இல், கடலாதெனிய விகாரையைக் கட்டிய சிற்பி கணேஸ்வராசாரி என்று கல்வெட்டு சொல்கிறது. தென்னிந்தியக் கைவண்ணம் கல்லில் அப்படியே தெரியும். இலங்காதிலக விகாரை நிற்கும் பாறையில் சிங்களத்தோடு தமிழிலும் சாசனம் பொறித்திருக்கிறார்கள். எம்பெக்கே தேவாலயத்தில் மரத்தூண்களில் அன்னம், மல்லர், பாலூட்டும் தாய், இருதலைப் பறவை என்று செதுக்கியிருப்பதை எல்லோரும் பார்ப்பார்கள். கூரையைப் பார்க்க மறக்கக் கூடாது. 26 கைமரங்கள் ஒன்றுகூடும் இடத்தை ஒரே ஒரு பெரிய மர முளை பிடித்து நிறுத்துகிறது.

கொழுந்து வழி: கலஹா, தெல்தோட்டை

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மரநிழலில் தொடங்கும் கலஹா வீதி, கொஞ்ச தூரத்தில் தேயிலைக்குள் நுழைகிறது. காலை ஏழரை மணிக்குப் போனால் பெரட்டு என்ற காலை ஆள்கணக்கு முடிந்து மலைக்குப் போகும் பெண்கள் வரிசையாக எதிர்ப்படுவார்கள். படங்கை இடுப்பில் சுற்றி, கூடையையோ சாக்கையோ தலையில் மாட்டி, தெருவை விட்டுச் சட்டென்று குறுக்கில் இறங்கி மறைந்துவிடுவார்கள். சைக்கிள்காரர் மூன்று வளைவு சுற்றி மேலே வரும்போது அவர்கள் ஏற்கெனவே மலையில் நிற்பார்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் சைக்கிள் ஏன் இல்லை என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம். தெரு கொழுந்துக்கு, ஆளுக்குக் குறுக்கு.

தெல்தோட்டைக்கு அப்பால் லூல்கந்துர தோட்டம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொத்லாந்துக்காரர் 19 ஏக்கரில் வணிகத் தேயிலைப் பயிரைத் தொடங்கிய இடம். 1869இல் கோப்பி இலையில் துருநோய் கண்டது; காலப்போக்கில் கோப்பி படுத்தது, தேயிலை எழுந்தது. டெய்லர் உட்கார்ந்து பார்த்த கல்லாசனம் என்று ஓரிடத்தைக் காட்டுவார்கள். தோட்டத்துக்குள் தெரு குண்டும் குழியுமாக இருப்பதால் மெல்லிய றேஸ் டயர் உதவாது. கொஞ்சம் அகலமான டயர் வேண்டும். களைத்தால் கலஹாக் கடைகளில் பிளேன்ரீயும் ரொட்டியும் கிடைக்கும்.

பள்ளத்தாக்கும் உச்சியும்

ஏற்றம் வேண்டாம் என்பவர்கள் கிழக்கே தும்பறைப் பக்கம் போகலாம். தென்னக்கும்புர பாலம் கடந்து குண்டசாலை, திகன. மழை குறைந்த பக்கம். மரக்கறித் தோட்டம், கொக்கோ நிழல், தென்னை. ஹேனவல கிராமத்தில் ஹண நாரில் தும்பறைப் பாய் நெய்கிறார்கள். அந்தக் கைத்தொழிலை 2021இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. திகனக்கு அப்பால் விக்டோரியா அணை, 122 மீற்றர் உயரம், 1985இல் திறந்தது. பழைய தெல்தெனிய நகரம் அந்த நீருக்கடியில் கிடக்கிறது. இதே வீதி மகியங்கனைக்குப் போகும் வழியில் பேர்பெற்ற பதினெட்டு வளைவுகளில் இறங்குகிறது. இறங்குவதற்கு முன் பிறேக் கட்டையைப் பார்க்காதவர்கள் அங்கே போகவேண்டாம்.

ஆசை அடங்காதவர்களுக்கு நுவரெலியா வீதி. கம்பளையைத் தாண்டினால் ஏற்றம்தான். புசல்லாவை, றம்பொடை, லபுக்கலை. கண்டி ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, நுவரெலியா 1,900 மீற்றரை ஒட்டி. இடையில் 75 கிலோமீற்றருக்கு மேல். கடுமையான பகுதியிலும் சராசரியாக 100 மீற்றர் போனால் நாலைந்து மீற்றர்தான் ஏற்றம். மணிக்கணக்கில் விடாமல் இருப்பதுதான் சோதனை. பின்சக்கரத்தில் 32 அல்லது 34 பல் உள்ள கியர் இருந்தால் முழங்கால் தப்பும். றம்பொடை வளைவுகளில் பூ விற்கும் சிறுவர்கள் ஒரு வளைவில் பூங்கொத்தை நீட்டி, வேண்டாம் என்றால் குறுக்கால் ஓடி, அடுத்த வளைவில் அதே வாகனத்தை மறுபடி மறிப்பது பயணிகளுக்குப் பழகிய காட்சி. சைக்கிளுக்கு அவர்கள் ஓடவே தேவையில்லை, நடந்தாலே முந்திவிடுவார்கள்.

போகிறவர்களுக்கு

நகரத்துக்குள் வாவியைச் சுற்றியும், பேராதனை, கட்டுகஸ்தோட்டைப் பக்கமும் விடிந்து கொஞ்ச நேரத்தில் நெரிசல் பிடித்துவிடும். ஆறு மணிக்கு முன் நகரத்தைத் தாண்டிவிட வேண்டும். தனியார் பஸ்கள் போட்டிக்கு ஓடும்போது தெருவோரத்தில் நமக்கென்று இடம் மிச்சமிருக்காது. வளைவில் ஹோர்ன் கேட்டால் ஒதுங்கி நிற்பதில் வெட்கமில்லை. ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை தப்பாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கண்டி மாவட்டத்தில் உயிர்களையும் வீடுகளையும் தெருக்களையும் கொண்டுபோனது. எந்த வழி திறந்திருக்கிறது என்று அந்தந்த ஊரில் விசாரித்துவிட்டே கிளம்ப வேண்டும்.

இன்று இந்த வழிகளில் விலை கூடிய சைக்கிளில் போகிறவர்களில் பலர் வெளிநாட்டுப் பயணிகள். கூட்டிப் போகும் நிறுவனமும் தங்கும் ஹோட்டலும் தோட்டத்துக்கு வெளியே இருப்பதால் காசும் வெளியேதான் நிற்கிறது. லயத்துப் பிள்ளைக்கு எல்லாக் குறுக்கும் தெரியும், மூன்று மொழியில் பேசும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். வழிகாட்டிப் பயிற்சியும், வாடகைக்கு விட நாலு சைக்கிளும், பழுதுபார்க்க ஒரு கடையும் கலஹாவிலும் புசல்லாவையிலும் வருமென்றால், தேயிலை நாட்கூலிக்கு அப்பால் அங்கே ஒரு தொழில் பிறக்கும். கல்லுடைத்துத் தெரு போட்டவர்களின் வாரிசுகளுக்கு அந்தத் தெருவால் வரவேண்டிய வருமானம் இது.