அதிக ப்ரூஃப் பர்பன்: லேபிளில் இருக்கும் கணக்கு

பர்பன் விஸ்கி பற்றிப் பேச ஆரம்பித்தால் அது சீக்கிரமே விலை பற்றிய பேச்சாக மாறிவிடும். பாப்பி வான் விங்கிள், பிளான்டன்ஸ் மாதிரி சில பெயர்களைச் சுற்றி ஒரு தனிச் சந்தையே நடக்கிறது. அங்கே நாம் கொடுக்கும் காசில் பெரும்பகுதி "கிடைக்காத சரக்கு" என்பதற்குத்தான், சுவைக்கு இல்லை. நல்ல பர்பனுக்கு அவ்வளவு கொடுக்க வேண்டியதில்லை. லேபிளில் உள்ள நாலைந்து எண்களைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

முதலில் ப்ரூஃப். அமெரிக்காவில் இது ரொம்ப எளிது: ஆல்கஹால் சதவீதத்தை இரண்டால் பெருக்கினால் ப்ரூஃப். 50% என்றால் 100 ப்ரூஃப். நம்ம ஊர் பாட்டிலில் பார்க்கும் 42.8% என்ற விசித்திரமான எண் பழைய பிரிட்டிஷ் கணக்கில் வந்தது. அதில் 100 டிகிரி என்பது சுமார் 57.1%, அதில் முக்கால் பங்கு 42.8%. இரண்டு கணக்கையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது சட்டம். பர்பன் அமெரிக்காவில் தயாராக வேண்டும். தானியத்தில் குறைந்தது 51% சோளம் இருக்க வேண்டும். காய்ச்சி இறக்கும்போது 160 ப்ரூஃபைத் தாண்டக்கூடாது. உள்பக்கம் கருக்கிய புது ஓக் பீப்பாயில் 125 ப்ரூஃபுக்கு மேற்படாமல் ஊற்ற வேண்டும். பாட்டிலில் அடைக்கும்போது குறைந்தது 80 ப்ரூஃப். நிறமோ வாசனையோ சேர்க்க முடியாது, சேர்க்கக்கூடியது தண்ணீர் மட்டும்தான்.

விஷயமே அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. பீப்பாயிலிருந்து 58 சதவீதமாக வருவதை 40 சதவீதத்துக்கு இறக்கினால் ஒரு பாட்டில் சரக்கு கிட்டத்தட்ட ஒன்றரை பாட்டில் ஆகிவிடும். ஒரு உதாரணக் கணக்கு: 40% உள்ள 750 மில்லி பாட்டில் 30 டாலர், 58% உள்ளது 40 டாலர் என்று வைத்துக்கொள்வோம். முதலாவதில் 300 மில்லி ஆல்கஹால், இரண்டாவதில் 435 மில்லி. இரண்டாவதை நீங்களே 40 சதவீதத்துக்கு இறக்கினால் 1087 மில்லி கிடைக்கும். அதே அளவை முதல் பாட்டிலின் விலையில் வாங்கினால் 43.50 டாலர் ஆகும். அதாவது விலை கூடியது போலத் தெரியும் பாட்டில்தான் உண்மையில் மலிவு. தண்ணீர் எவ்வளவு என்ற முடிவும் உங்கள் கையில் இருக்கிறது.

குடிப்பவர்கள் இந்தக் கணக்கைக் கவனிக்கிறார்கள் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. 2013 பிப்ரவரியில் மேக்கர்ஸ் மார்க் நிறுவனம், கையிருப்பு போதவில்லை என்று 45 சதவீதத்தை 42 ஆகக் குறைக்கப்போவதாக அறிவித்தது. வாடிக்கையாளர்கள் கொதித்துப்போனார்கள். ஒரே வாரத்தில் முடிவைத் திரும்பப் பெற்றார்கள்.

சரி, எதைத் தேடி வாங்குவது? முதலில் "பாட்டில்ட் இன் பாண்ட்" என்ற சொல். 19ஆம் நூற்றாண்டில் விஸ்கியில் நிறமும் கண்ட கண்ட பொருளும் கலந்து விற்றவர்களுக்கு எதிராக 1897ல் வந்த சட்டம் இது. ஒரே வடிசாலை, ஒரே பருவம், அரசு மேற்பார்வைக் கிடங்கில் குறைந்தது 4 ஆண்டு, சரியாக 100 ப்ரூஃப். இத்தனையும் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். எவன் வில்லியம்ஸின் வெள்ளை லேபிள், ஓல்ட் கிராண்ட்-டாட் பாண்டட் இரண்டும் இந்த வகை. இரண்டும் ஆர்ப்பாட்டமில்லாத, சாதாரண விலைச் சரக்கு.

அதற்கு மேல் போனால் வைல்ட் டர்க்கி 101 (50.5%), ஓல்ட் கிராண்ட்-டாட் 114 (57%), வைல்ட் டர்க்கி ரேர் பிரீட் (58.4%). கடைசியாகச் சொன்னது தண்ணீர் சேர்க்காத பேரல் ப்ரூஃப் வகை. எலைஜா கிரெய்க் பேரல் ப்ரூஃப் ஆண்டுக்கு மூன்று முறை வரும். அதன் லேபிளில் சி923 என்றிருந்தால் அந்த ஆண்டின் மூன்றாம் தொகுதி, 9ஆம் மாதம், 2023. ஒவ்வொரு தொகுதிக்கும் ப்ரூஃப் மாறும். சேகரிக்க ஆசைப்படுபவர்களுக்கு இதுவே நல்ல விளையாட்டு: ஒரே பெயரில் இரண்டு தொகுதிகளை வாங்கிப் பக்கத்தில் வைத்து ருசித்துப் பாருங்கள். "ஸ்மால் பேட்ச்" என்ற சொல்லுக்கு மட்டும் மயங்க வேண்டாம், அதற்குச் சட்டத்தில் வரையறை கிடையாது.

பீப்பாயில் ஊற்றும்போதே 125 ப்ரூஃபுக்கு மேல் கூடாது என்றால் 130 ப்ரூஃப் பாட்டில் எப்படி வருகிறது? கென்டக்கியின் வெயிலில், கிடங்கின் மேல்தளங்களில், ஆல்கஹாலைவிடத் தண்ணீர் வேகமாக வெளியேறும். அதனால் ஆண்டுகள் போகப்போக ப்ரூஃப் ஏறுகிறது. குளிரும் ஈரமும் உள்ள ஸ்காட்லாந்தில் பெரும்பாலும் இறங்கும்.

ருசிக்கும் முறைக்கு வருவோம். 15 மில்லி போதும். மூக்கைக் கோப்பைக்குள் விடாமல், வாயை லேசாகத் திறந்தபடி முகருங்கள். இல்லாவிட்டால் எரிச்சல் மட்டும்தான் மிஞ்சும். முதல் சொட்டு அப்படியே, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர். 58% உள்ள 15 மில்லியை 45 ஆக்க சுமார் 4 மில்லி வேண்டும், ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. ஏன் தண்ணீர்? 2017ல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல்சன், ஃபிரீட்மன் இருவரும் குவாயகால் என்ற புகைவாசனை மூலக்கூறைக் கணினியில் உருவகப்படுத்திப் பார்த்தார்கள். ஆல்கஹால் 45% வரை இருக்கும்போது அது திரவத்தின் மேற்பரப்பில் சேர்கிறது, 59 சதவீதத்துக்கு மேல் உள்ளே போய்விடுகிறது. மேலே இருந்தால்தானே மூக்குக்கு எட்டும்!

வைத்திருப்பதில் சில விஷயங்கள். ஒயின் போலப் படுக்கவைக்காதீர்கள், அதிக ஆல்கஹால் கார்க்கை அரிக்கும். நிமிர்த்தி, வெயில் படாமல் வையுங்கள். விஸ்கி பாட்டிலுக்குள் முதிர்வதில்லை, ஆகவே பத்து வருஷம் பூட்டிவைத்தால் சுவை கூடாது. கால்பங்குக்குக் கீழே இறங்கினால் சின்ன பாட்டிலுக்கு மாற்றலாம். அமெரிக்காவிலிருந்து ஊருக்கு எடுத்துவருபவர்கள் கவனிக்க: 70 சதவீதத்துக்கு மேற்பட்டதை விமானத்தில் கொண்டுவர முடியாது. இந்தியாவுக்குள் வரியில்லாமல் 2 லிட்டர்தான்.

கடைசியாக, அதே கணக்கின் மறுபக்கம். 58 சதவீதத்தில் 30 மில்லி என்பது 40 சதவீதத்தில் 43.5 மில்லிக்குச் சமம். பர்ஸுக்கு லாபமான அதே எண் ஈரலுக்கு நஷ்டம். வழக்கமான பெக் அளவிலேயே ஊற்றினால் ஒவ்வொரு இரண்டு பெக்கும் மூன்றாகிவிடும். பாட்டிலைத் திறப்பதற்கு முன் ஒரு அளவுக் கோப்பை வாங்கிவிடுங்கள். இந்தச் சேகரிப்பில் ரொம்ப மலிவான, ரொம்ப அவசியமான பொருள் அதுதான்.