திறமையும் வண்டியும்

ஓட்டப் பந்தயத்தில் முதலில் வருபவரே விரைவில் சிறந்தவர் என்று தயங்காது கூறலாம். மோட்டார் பந்தயத்தில் அவ்வாறு கூறிவிட இயலாது. அங்கே வெற்றிக்கு இரு திறமைகள் வேண்டும்: ஓட்டுபவரின் திறமை ஒன்று; வண்டியை உருவாக்கியவர்களின் திறமை மற்றொன்று.

பார்முலா ஒன் பந்தயத்தில் ஒவ்வோர் அணியும் தன் வண்டியைத் தானே வடிவமைக்கிறது. ஆகவே வண்டிகளின் வேகம் அணிக்கு அணி வேறுபடுகிறது. 2025-ஆம் ஆண்டில் பத்து அணிகள் களத்தில் இருந்தன. அவ்வாண்டின் 24 பந்தயங்களிலும் வென்றவை மூன்றே அணிகள். எஞ்சிய ஏழு அணிகளில் ஆற்றல் மிக்க இளைஞர் ஒருவர் இருந்தால் அவருடைய எதிர்காலம் யாது? அதனையே இங்கு ஆராய்வோம்.

அத்தகையவரை அளக்க ஓர் அளவுகோல் உண்டு. ஓர் அணியின் இரு ஓட்டுநர்களுக்கும் ஏறத்தாழ ஒரே வகை வண்டி கிடைக்கிறது. எனவே பதினைந்தாம் இடத்தில் வந்தாலும், தம் அணித் தோழரை அவர் எவ்வளவு முந்தினார் என்பதையே வல்லுநர் நோக்குவர். ஸ்பெயின் நாட்டின் பெர்னாண்டோ அலோன்சோ 2001-இல் மினார்டி என்னும் எளிய அணியில் ஒரு புள்ளியும் பெறவில்லை. மறு ஆண்டு ரெனோ அணியின் சோதனை ஓட்டுநராகப் பணியாற்றிப் பொறுத்திருந்தார். 2005-இலும் 2006-இலும் அவரே உலக வீரர்.

ஆயினும் எல்லோருக்கும் கதவு இவ்வாறு திறப்பதில்லை. ஜெர்மானியரான நிகோ ஹுல்கன்பெர்க் 2010-இல், தம் முதல் ஆண்டிலேயே, பிரேசில் பந்தயத்தின் தகுதிச் சுற்றில் முதலிடம் பெற்றார். அவ்வாண்டு முடிவில் அவருக்கு அந்த அணியில் இடமில்லை. 2015-இல் பிரான்சின் லெ மான்ஸ் நகரில், 24 மணி நேரப் பந்தயத்தைப் போர்ஷே வண்டியில் இரு தோழர்களுடன் வென்றார். பார்முலா ஒன்னிலோ, முதல் மூவருள் ஒருவராக மேடையேற அவர் 2025 ஜூலை வரை காத்திருந்தார். சில்வர்ஸ்டனில் 19-ஆம் இடத்திலிருந்து புறப்பட்டு மூன்றாவதாக வந்தபோது, அது அவருடைய 239-ஆவது பந்தயம்!

கோவை தந்த நரேன் கார்த்திகேயனை நாம் மறத்தலாகாது. பார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் அவர். 2005-இல் ஜோர்டன் அணியில் இடம்பெற்றார். அவ்வாண்டு அமெரிக்காவில் டயர் பாதுகாப்புக் குறைவால் பதினான்கு வண்டிகள் விலகின. ஓடிய ஆறனுள் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார். முன்னணி அணியில் போட்டியிடும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. எனினும் தொழிலை விட்டாரில்லை. வில்லியம்ஸ் அணியின் சோதனை ஓட்டுநராக இருந்தார்; பின்னர்ப் பல ஆண்டுகள் ஜப்பானியப் பந்தயங்களில் ஓட்டினார்.

இவ்விரு வாழ்க்கைகளிலிருந்தும் நாம் தெளிவது இதுவே. திறமை ஒருவரைக் களத்தின் வாயில் வரை கொண்டுசெல்லும். அதற்கு மேல் பொருளுதவி, தக்க காலத்தில் காலியாகும் இடம், அணித் தலைவர்களின் நம்பிக்கை ஆகியவையும் கூடிவர வேண்டும். இவை ஓட்டுநரின் கையில் இல்லை. தோழரை முந்துவதும், வண்டியின் குறைகளைப் பொறியாளருக்குத் தெளிவாக எடுத்துரைப்பதும், வேறு வகைப் பந்தயங்களில் பெயர் பெறுவதும் அவர் கையில் உள்ளன.

நேயர்களே! உங்கள் இல்லத்துச் சிறுவன் ஒருவன் பந்தய ஓட்டுநராக விரும்பினால் அவனைத் தடுக்க வேண்டா. ஆனால் உலகப் பட்டம் ஒன்றையே இலக்காகக் காட்டவும் வேண்டா. லெ மான்ஸும் ஜப்பானும் சோதனைக் களமும் சேர்ந்ததே இத்தொழில் என்பதை முதலிலேயே எடுத்துக் கூறுங்கள். பின்வரிசையில் ஓடும் வண்டியைக் காணும்போதும், அதனுள் அமர்ந்திருப்பவர் தம் தோழரை விட எத்தனை நொடி முந்தினார் என்று கேளுங்கள். அவருடைய உண்மையான மதிப்பு அங்கேதான் விளங்கும்.