வீட்டுக்கு எத்தனை வேகம் வேண்டும்?

‘நூறு மெகாபிட் வேகம், அளவில்லாத உபயோகம்’ என்ற துண்டுப் பிரசுரம் நம் கட்டிடங்களின் தபால் பெட்டிகளில் மாதந்தோறும் வந்து விழுகிறது. மறுமாதம் அதுவே இருநூறாகிறது, பின்னர் முந்நூறு. வேகம் ஏறுவதைக் கண்ட அன்பர்கள், தாம் வைத்திருக்கும் ஃபைபர் இணைப்பு ஏதோ பழையதாகிப் போனதைப் போல் எண்ணி, கட்டணத்தையும் உடன் ஏற்றிக் கொள்கிறார்கள். இந்த வேகம் என்பது யாது, அதில் ஒரு குடும்பத்துக்குச் செல்லுபடியாவது எவ்வளவு என்று சற்றே ஆற அமரக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

எட்டுப் படி ஒரு மரக்கால் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இக்கணக்கு கடினமன்று. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். வேகத்தை மெகாபிட்டில் சொல்கிறார்கள். மாத வரம்பையோ ஜிகாபைட்டில் சொல்கிறார்கள். படியில் அளந்து மரக்காலில் கணக்கு எழுதுவது போன்றதே இது. ஆகவே, 100 மெகாபிட் என்றால் விநாடிக்கு வந்து சேர்வது 12.5 மெகாபைட், 30 மெகாபிட் என்றால் 3.75 மெகாபைட்.

இந்த 30 என்பது அற்பமா? நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் திறந்துவிடப்பட்டது 1995 ஆகஸ்ட் 15 அன்று. தொலைபேசிக் கம்பியில் மோடம் கூவக் கூவக் காத்திருந்த காலம் அது. 2004இல் 256 கிலோபிட் இருந்தாலே ‘பிராட்பேண்டு’ என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டது. 2013இல் அது 512 ஆயிற்று. 2023 ஜனவரியில்தான் 2 மெகாபிட்டாக உயர்த்தினார்கள். ஊருக்கு ட்ரங்க் கால் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்த பெரியவர்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் 30 மெகாபிட் போதாதென்று சொல்லத் துணிவு வேண்டும்.

இனி வீட்டுக் கணக்கு. மாலை வேளையில் தொலைக்காட்சியில் தெளிவான படம் ஓடுவதற்கு 5 மெகாபிட் போதும். பையனின் வகுப்புக்கு மூன்று, தகப்பனாரின் அலுவலகக் கூட்டத்துக்கு மூன்று, ஊரிலுள்ள பாட்டியுடன் முகம் பார்த்துப் பேசுவதற்கு இரண்டு அல்லது மூன்று. நால்வரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தாலும் பதினைந்தைத் தாண்டுவதில்லை. பெரிய திரையில் ‘நாலு கே’ படம் பார்ப்போர் அந்த ஐந்துக்குப் பதில் பதினைந்து எனப் போட்டுக் கொள்ளலாம். அப்போதும் முப்பதுக்குள் அடங்கும். 300 மெகாபிட்டின் அருமை தெரிவது பெரும் கோப்புகளை இறக்கும்போதுதான். ஐந்து ஜிகாபைட் படம் ஒன்று 30இல் இருபத்திரண்டு நிமிடமும், 300இல் இரண்டேகால் நிமிடமும் பிடிக்கும். தொழில் நிமித்தமாக அன்றாடம் அத்தகைய கோப்புகளைக் கையாளுபவர் வேகத்துக்குப் பணம் கொடுக்கட்டும், அது நியாயமே.

வேகத்தைவிட வரம்பே கவனிக்கத் தக்கது. 2019 செப்டம்பரில் ஜியோ ஃபைபர் வர்த்தக ரீதியாகத் தொடங்கியபோது, ரூ. 699 திட்டத்தில் 100 மெகாபிட் வேகம் தந்தார்கள். அறிமுகச் சலுகை நீங்கலாக மாத அளவோ 100 ஜிகாபைட். முழு வேகத்தில் இறக்கினால் அந்த அளவு இரண்டே கால் மணியில் தீர்ந்துவிடும். காவிரியில் வெள்ளம் வரலாம். கையில் இருப்பது ஒரு குடம். மறு ஆண்டு, 2020 செப்டம்பரில், ரூ. 399க்கு 30 மெகாபிட் தரத் தொடங்கினார்கள், ஏர்டெல்லும் ரூ. 499க்கு 40 மெகாபிட் என்றது. இரண்டும் ‘அளவில்லாதவை’ என்றாலும், சிற்றெழுத்தில் மாதம் சுமார் 3,300 ஜிகாபைட் என்ற வரம்பு இருந்தது. நாளொன்றுக்கு 110. தெளிவான படம் மணிக்கு மூன்று ஜிகாபைட் கொள்ளுமென வைத்தால், முப்பத்தாறு மணி நேரம் பார்த்தாலொழிய அது தீராது. நாளுக்கு இருப்பதோ இருபத்து நாலு மணி! தினம் நாலு மணி நேரம் படம் பார்க்கும் வீட்டுக்கு மாதம் 360, மற்றவற்றையும் சேர்த்தால் 500 ஜிகாபைட் போதுமானது. ஆகையால் வரம்பு ஆயிரத்துக்கு மேல் என்றால் கவலை வேண்டுவதில்லை. நூறு, இருநூறு என்றால் வேகம் எத்தனை நூறானாலும் பயனில்லை.

வரம்பு தீர்ந்தபின் என்ன வேகம் என்பதையும் கேட்க வேண்டும். 2016 அக்டோபரில் டிராய் பிறப்பித்த உத்தரவு, வரம்புக்கு முந்திய வேகத்தையும் பிந்திய வேகத்தையும் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்றும், பிந்திய வேகம் 512 கிலோபிட்டுக்குக் கீழே போகலாகாது என்றும் கூறிற்று. அந்த வேகத்தில் ஒரு ஜிகாபைட் இறங்க நாலு மணிக்கு மேலாகும் என்பதையும் நினைவில் வைப்போம்.

நிற்க. பல வீடுகளில் குறை கம்பியில் இல்லை, சுவரில் இருக்கிறது. இணைப்புக் கொடுக்க வருபவர் வாசற்கதவருகே ரௌட்டரை மாட்டிவிட்டுப் போய்விடுகிறார். மாட்டுங்காவின் பழைய கட்டிடங்களில் சுவர்களின் கனத்தைச் சொல்ல வேண்டியதில்லை. வைஃபையின் ஐந்து கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவருக்கு அஞ்சும், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டும், ஆனால் அண்டை வீட்டு அலைகளோடு நெருக்கியடித்துக் கொள்ளும். கணினியைக் கேபிள் மூலம் ரௌட்டருடன் இணைத்து, இரவு ஒன்பது மணிக்கு வேகத்தை அளந்து பாருங்கள். கேபிளில் முழு வேகமும் படுக்கையறையில் அதில் கால்வாசியும் வருமானால், ரௌட்டரைக் கூடத்தின் நடுவே மாற்றிவைப்பதே பரிகாரம். கேபிளிலேயே குறைந்தால் மட்டும் கம்பெனியிடம் புகார் செய்து, புகார் எண்ணைக் குறித்து வைத்துக் கொள்வது முறை. ஒரே இழையை முப்பத்திரண்டு அல்லது அறுபத்து நான்கு வீடுகள் பங்கிட்டுக் கொள்வது வழக்கமாதலால், நடுப்பகல் அளவை நம்புவதற்கில்லை.

வாடகை வீட்டுக்காரர்களுக்கு ஒரு சொல். வருஷக் கட்டணத்தை முன்கூட்டிச் செலுத்தினால் தள்ளுபடி உண்டு என்பார்கள். பதினொரு மாத ஒப்பந்தத்தில் குடியிருக்கும் நாம், புதிய வீட்டுக்கு அதே கம்பெனியின் கம்பி வராவிட்டால் மீதிப் பணம் திரும்புமா என்று முதலில் கேட்டுக் கொள்வோம். கட்டிடச் சங்கம் ஒரு கம்பெனியை மட்டும் அனுமதித்திருக்கும் இடங்களும் உண்டு. விளம்பர விலையின் மேல் நூற்றுக்குப் பதினெட்டு வரி ஏறும், ரூ. 399 என்பது கையில் ரூ. 471 ஆகும்.

கடைசியாக, அநேகர் வேகத்தை உயர்த்துவதன் உண்மைக் காரணம் ஒன்று உண்டு. ஊரில் தாயாரோடு பேசும்போது முகம் உறைந்து நின்றுவிடுகிறது. குரல் அறுந்து போகிறது. உடனே இங்கே திட்டத்தை மாற்றுகிறோம். மறுமுனையில் அவரோ சமையலறை மூலையில், ஒரு கோடு சிக்னலில், கைப்பேசியைப் பிடித்துக் கொண்டிருக்கிறார். இங்கே முந்நூறு வாங்கினாலும் அந்த முகம் தெளியாது. மேற்சொன்ன 2020 பட்டியலிலேயே 150 மெகாபிட் திட்டம் ரூ. 999. அதற்கும் 399 திட்டத்துக்கும் வரியுடன் வித்தியாசம் ரூ. 708. ஃபைபர் எட்டியிருக்கும் ஊராயின், அந்தத் தொகைக்குள் தாயார் வீட்டிலேயே ஒரு சிறு இணைப்பு வைத்துவிடலாம். கட்டணத்தை மாதந்தோறும் இங்கிருந்தே செலுத்தலாம். மின்வெட்டு உள்ள ஊரானால், ரௌட்டருக்கென்று விற்கும் சிறு பாட்டரிப் பெட்டி ஒன்றையும் அடுத்த விடுமுறைக்குப் போகும்போது வாங்கிச் செல்லலாம்.