அழாதவர்களுக்கும் துக்கம் உண்டு

இறப்பைச் சொல்ல நம்மிடம் சொற்களுக்குப் பஞ்சமில்லை. "தவறிட்டாங்க", "காலமானார்", "சாமிகிட்ட போயிட்டாங்க" என்போம். கேட்பவர் மனம் நோகக்கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால், மதியிறுக்கம் உள்ள பலர் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். "போயிட்டாங்க" என்றால், "எப்போ வருவாங்க?" என்பதே அவர்களுடைய அடுத்த கேள்வி.

என் தம்பிக்கு 24 வயது. மதியிறுக்கம் உள்ளவன். ஈராண்டுக்கு முன் பாட்டி இறந்தபோது, புளோக்கின் கீழ்த்தளத்தில் நடந்த இறுதிச்சடங்கில் அவன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "நாளைக்குக் காலையில என்கூட பஸ் ஸ்டாப்புக்கு யார் வருவா?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டான். "வளர்த்த பாட்டிமேல பாசமே இல்லையே" என்றார் உறவினர் ஒருவர், எங்கள் காதுபட.

பதினோரு ஆண்டுகள், காலை 6.40க்கு அவனை அங்கே அழைத்துச் சென்றவர் பாட்டி. அந்தக் கேள்விக்குள்தான் அவன் துக்கம் இருந்தது. மூன்று மாதம் கழித்து, பாட்டி அவன் தலையில் தேய்த்துவிடும் தேங்காய் எண்ணெய்ப் போத்தல் காலியான அன்று, இரவு முழுக்க அழுதான்.

தன் உணர்ச்சி இன்னதென்று இனங்கண்டு சொல்ல முடியாத நிலைக்கு அலெக்ஸிதைமியா என்று பெயர். மதியிறுக்கம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அதனால் துக்கம் வயிற்றுவலியாகவோ, தூக்கமின்மையாகவோ, கோபமாகவோ வெளிப்படலாம். மாதங்கள் தள்ளியும் வரலாம்.

பிரிட்டிஷ் ஆய்வாளர் டேமியன் மில்டன், தாமும் மதியிறுக்கம் உள்ளவர். 2012ல் அவர் 'இரட்டைப் பரிவுச் சிக்கல்' என்ற கருத்தை முன்வைத்தார். மற்றவர் மனம் இவர்களுக்குப் புரியாமல் போவதுபோலவே, இவர்கள் மனமும் மற்றவர்களுக்குப் புரிவதில்லை என்பதே அது. துக்க வீட்டில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம்.

நம் சடங்குகள் புலன்களுக்கும் கடுமையானவை. சங்கு, மேளம், ஊதுபத்திப் புகை, அழுதபடி வந்து கட்டிப்பிடிக்கும் உறவுகள். காதைப் பொத்திக்கொண்டு ஓரமாக நிற்பவரை அலட்சியக்காரர் என்று எண்ணிவிட வேண்டாம்.

போன ஆண்டு தாத்தா இறந்தபோது அம்மா தம்பியிடம் நேரடியாகச் சொன்னார்: "தாத்தா இறந்துட்டாரு. அவர் இதயம் நின்னுடுச்சு. இனிமே பேசமாட்டாரு, திரும்பி வரமாட்டாரு." எத்தனை மணிக்கு என்ன நடக்கும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். மண்டாய் தகனச்சாலையின் படத்தை முன்கூட்டியே காட்டினோம். காதுக்கு ஹெட்ஃபோன், தனியாக உட்கார அண்டைவீட்டில் ஓர் அறை. உங்கள் குடும்பத்திலும் இப்படி ஒருவர் இருந்தால், இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை.

வாய்க்கரிசி போடுவதை அவன் விருப்பத்துக்கே விட்டோம். அவன் போடவில்லை. தாத்தாவின் செருப்பை மட்டும் வாசலில் அதே இடத்தில் வைக்கச் சொன்னான். யாரும் அதை எடுக்கக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். செருப்பு இன்றும் அங்கேதான் இருக்கிறது.