சிறுத்தைப்புலியின் ஆகாரமும் ஆட்டுப்பட்டியின் பாதுகாப்பும்

சிறுத்தைப்புலி மலைக்காடுகளுக்கே உரிய பிராணி என்று சமவெளிக் குடியானவர்கள் எண்ணுவது வழக்கம். ஆயினும் 2024-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், காவிரிச் சமவெளியிலுள்ள மயிலாடுதுறை நகரத்தில் சிறுத்தையொன்று தென்பட்டு, வனத்துறையினர் பல நாட்கள் அதைத் தேட நேர்ந்தது. ஆகவே, பூவிருந்தவல்லியை அடுத்த பாரிவாக்கம் போன்ற சமவெளிக் கிராமங்களில் ஆடு வளர்ப்போரும் இப்பிராணியின் ஆகார வழக்கத்தை அறிந்திருத்தல் நலம்.

பற்பல தேசங்களில் நடந்த ஆராய்ச்சிகளை ஒருங்கே நோக்குமிடத்து, சிறுத்தை 10 முதல் 40 கிலோ வரை எடையுள்ள பிராணிகளையே பெரிதும் நாடுகிறதென்றும், அவற்றுள்ளும் சுமார் 25 கிலோ உள்ளவையே அதற்கு மிக உகந்தவையென்றும் விளங்குகிறது. முதுமலைக் காட்டில் அதன் முக்கிய இரைகளுள் புள்ளிமான் ஒன்று. முயல், முள்ளம்பன்றி, குரங்கு, மயில் முதலியவற்றையும் அது கொல்லும். வளர்ந்த எருமையையும் காளையையும் தாக்குவது அரிது. ஆடு, நாய், இளங்கன்று ஆகியவையோ அதன் பலத்துக்கு ஏற்ற அளவின.

காட்டு மிருகங்கள் அருகிய இடங்களில் அது எதை உண்கிறது என்பதற்கு மகாராஷ்டிரத்தின் அகோலே தாலுகா தக்க உதாரணம். கரும்புத் தோட்டங்கள் மிகுந்த அப்பிரதேசத்தில் சிறுத்தையின் மலத்தைச் சோதித்தறிந்த முடிவு 2014-ல் வெளியாயிற்று. அதன்படி, எடைக் கணக்கில் நூற்றுக்கு 87 பங்கு வளர்ப்புப் பிராணிகளே. நாய் மாத்திரம் 39 பங்கு. நாய்களைவிட ஏழு மடங்கு மிகுந்திருந்தும், வெள்ளாடுகள் 11 பங்கேயாம். ஆடுகள் இரவில் பட்டியிலோ வீட்டிலோ அடைக்கப்பட, நாய்கள் அவிழ்த்துவிட்டபடி திரிவதே இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. எளிதில் அகப்படுவதையே சிறுத்தை கொள்ளும் என்பது இதனால் பெறப்படும்.

சிறுத்தை நடமாட்டம் உள்ள கிராமத்தார் செய்யவேண்டுவன வருமாறு:

1. அந்தி சாயுமுன் ஆடுகளையும் கன்றுகளையும் அடைத்துவிட வேண்டும். சிறுத்தை மரமேறவும் சுவர் தாண்டவும் வல்லது; ஆகையால் பட்டிக்கு மேற்கூரையும் உறுதியான கதவும் அவசியம்.

2. காவல் நாயை இரவில் வெளியே கட்டி வைத்தல் கூடாது.

3. இறைச்சிக் கழிவும் செத்த கோழிகளும் தெரு நாய்களைப் பெருக்கும். நாய்கள் சிறுத்தையை அழைக்கும். பஞ்சாயத்தார் அக்கழிவுகளைப் புதைப்பிக்க வேண்டும்.

4. ஆடு கொல்லப்பட்டால் அதன் உடலில் விஷம் வைத்தல் ஆகாது. 1972-ம் வருஷத்திய வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். கிராம நிர்வாக அதிகாரி உடனே வனத்துறைக்குத் தெரிவித்தல் வேண்டும்.

ஒரு நல்ல பட்டிக்காகும் செலவு, ஓரிரவில் பல ஆடுகளை இழப்பதால் வரும் நஷ்டத்தினும் சிறிதே.