கணினிக்கும் ஒரு பெரட்டு

மலேசியாவின் ஜுருவைச் சுற்றித் தோட்டங்கள் இருந்த காலத்தில், விடியுமுன்னே பெரட்டு நடக்கும். கிராணி பேர் கூப்பிடுவார். குரல் கொடுத்தவர்களுக்கு மட்டும், இன்னாருக்கு இந்த நிரை என்று கங்காணி வேலை பிரித்துக் கொடுப்பார். பேர் பதிந்ததற்கும் பால்மரத்தில் கத்தி படுவதற்கும் நடுவே கிடைத்த அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் அன்றைய நாள் தீர்மானமானது.

இன்று அதே ஜுருவில், நெடுஞ்சாலையை ஒட்டிய கிடங்குகளிலும் பட்டறைகளிலும், காலை எட்டு மணிக்குக் கணக்கர் ஒருவர் பேரையும் கடவுச்சொல்லையும் தட்டுகிறார். சர்வர் அவரை ஏற்றுக்கொண்டதற்கும் முதல் திரை வருவதற்கும் நடுவே சில நிரல்கள் ஓடி முடிகின்றன. அவை அவர் கேட்டு ஓடியவை அல்ல, நிறுவனம் எழுதி வைத்தவை. இவர் எந்தக் கிளை, எந்தப் பிரிண்டர், எந்தக் கோப்புகளைத் திறக்கலாம், எந்தப் பட்டியலைக் காட்ட வேண்டும் என்று அவை பிரித்து வைக்கின்றன. கணினியின் பெரட்டு இதுதான்.

யோசனை பழையது. 1960களின் முற்பகுதியில் அமெரிக்காவின் எம்ஐடியில், ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் சிடிஎஸ்எஸ் அமைப்பு இருந்தது. அங்கே பணியாற்றிய பிரெஞ்சுக்காரர் லூயி பூசான், கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி வைத்து ஒரே மூச்சில் ஓட்டுவதற்காக 'ரன்காம்' (runcom) என்ற நிரலை எழுதினார். யூனிக்ஸ் வழி வந்த கணினிகளின் தொடக்கக் கோப்புகள் பல இன்றும் 'ஆர்சி' (rc) என்று முடிவது அந்தப் பேரின் மிச்சம். யூனிக்ஸில் இன்னொரு நல்ல ஏற்பாடும் உண்டு. எல்லாருக்கும் பொதுவான கோப்பு முதலில் ஓடும், அவரவர் சொந்தக் கோப்பு அடுத்து ஓடும்.

வணிகக் கணினிகளில் இதை அழுத்தமாகச் செய்தது, 1988இல் ஐபிஎம் வெளியிட்ட ஏஎஸ்/400. அதில் ஒவ்வொரு பயனரின் பதிவிலும் 'தொடக்க நிரல்' என்று ஓர் இடம் இருக்கும். கிடங்கு ஊழியரின் பதிவில் சரக்கு நிரலைக் குறித்து, அடுத்து வர வேண்டிய மெனுவின் இடத்தில் 'வெளியேறு' என்று எழுதிவிட்டால் போதும். உள்ளே வந்ததும் சரக்குத் திரை வரும், அதை மூடினால் கணினியே அவரை வெளியே அனுப்பிவிடும். இவ்வளவு சுருக்கமான காவலை நான் அதிகம் பார்த்ததில்லை.

நுழைவுக்கும் முதல் திரைக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியின் அருமை, விதிகள் மாறும் நாளில் தெரியும். மலேசியாவில் 2015 ஏப்ரல் 1இல் 6 விழுக்காட்டு ஜிஎஸ்டி வரி வந்தது. 2018 ஜூன் 1இல் அது சுழியமானது. அதே ஆண்டு செப்டம்பர் 1இல் பழைய எஸ்எஸ்டி வரி திரும்பியது. அப்படிப்பட்ட காலையில், விலைச்சீட்டுப் போடும் ஒவ்வொருவரும் முதல் சீட்டுக்கு முன்பே புது விகிதத்தைப் படித்தாக வேண்டும். மின்னஞ்சலைப் பார்க்காமல் விடலாம். உள்ளே வரும் வழியிலேயே நிற்கும் அறிவிப்பைத் தாண்டிப் போக முடியாது.

அதனாலேயே அந்த வழியில் கண்டதையும் போட்டு அடைக்கக் கூடாது. ஒரு நிரல் அணைந்து கிடக்கும் சர்வரைத் தேடி நின்றால், மொத்த அலுவலகமும் அதன் பின்னால் நிற்கும். எட்டு மணிக்கு எல்லாரும் ஒன்றாக நுழைவதால் வட்டும் வலையமைப்பும் திணறும். மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் 8.1இலிருந்து உள்நுழைவு நிரல்களை இயல்பாகவே 5 நிமிடம் தள்ளி ஓட்டுகிறது. நிர்வாகி விரும்பினால் அதை மாற்றிக்கொள்ளலாம். முதலில் ஆள் வேலையைத் தொடங்கட்டும் என்ற கணக்கு அது, சரியான கணக்கு.

எனக்குக் கவலை தருவது வேறொன்று. தொடக்க நிரல், உள்ளே வருபவரின் அதிகாரத்தோடு ஓடுகிறது. பணம் பட்டுவாடா செய்யும் மேலாளர் நுழைந்தால், அவர் கை எட்டும் இடமெல்லாம் அதன் கையும் எட்டும். 2000 மே மாதம் மணிலாவிலிருந்து கிளம்பிய 'ஐ லவ் யூ' புழு, விண்டோஸ் பதிவேட்டில் தொடக்க நிரல்களுக்கான இடத்தில் தன் பேரை எழுதிக்கொண்டது. கணினி ஒவ்வொரு முறை எழுந்தபோதும் அதுவும் எழுந்தது. ஆகவே தொடக்க நிரல் இருக்கும் கோப்பில் எழுதும் உரிமை யாருக்கு இருக்கிறது, கடைசியாக அதைத் தொட்டவர் யார் என்பதைக் கணக்குப் புத்தகம் போலவே தணிக்கை செய்ய வேண்டும்.

கணினியின் பெரட்டிலும் ஓர் ஓட்டை உண்டு. பெரட்டுக்கு வராமல் குறுக்கு வழியில் நிரைக்குப் போகிறவரைக் கிராணியின் ஏடு அறியாது. ஏஎஸ்/400இல் பச்சைத் திரை எனப்படும் எழுத்துத் திரை வழியாக வருபவருக்குத்தான் தொடக்க நிரல் ஓடும். அதே பேர், அதே கடவுச்சொல்லோடு கோப்புகளை அனுப்பும் எஃப்டிபி வழியாகவோ, எக்செலிலிருந்து தரவுகளை எடுக்கும் ஓடிபிசி வழியாகவோ வந்தால் அது ஓடாது. சரக்குத் திரையைத் தவிர வேறெதையும் காணாத ஊழியர், அந்தப் பக்கத்திலிருந்து சம்பளப் பட்டியலையே இறக்கிவிடலாம். இதற்காகத்தான் ஐபிஎம் அந்தப் பக்கவாசல்களிலும் சோதனை நிரல்களைப் பொருத்த இடம் வைத்திருக்கிறது. அதைவிட முக்கியம், ஒவ்வொரு கோப்பின் மேலேயே யார் படிக்கலாம், யார் மாற்றலாம் என்று எழுதி வைப்பது. அப்போது ஆள் எந்த வாசலில் வந்தாலும் பூட்டு ஒன்றுதான்.